பார்வையற்ற மாணவர் கல்வி: கருவியும் கற்பிக்கும் முறையும்

பள்ளிக் கல்வி பெரும்பாலும் கண்வழிக் கல்வியாகவே அமைந்துள்ளது. கரும்பலகை, பாடநூல், படம், ஆய்வுக்கூடம், வினாத்தாள் ஆகிய அனைத்தும் மாணவர் காண்பார் என்ற எண்ணத்தின் மீது எழுப்பப்பட்டவை. பார்வையற்ற குழந்தை பள்ளியில் சேரும்போது அக்குழந்தையின் அறிவுத்திறனில் குறை ஏதும் இல்லை. அறிவு வந்து சேரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அவ்வழியைத் தொடுவுணர்வின் மூலமும் செவியின் மூலமும் மாற்றி அமைப்பதே பார்வையற்றோர் கல்வியின் அடிப்படைப் பணியாகும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உடற்குறையோ மனக்குறையோ உடையோர் 2.68 கோடிப் பேர். இது மொத்த மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. இவர்களுள் பார்வைக் குறையுடையோர் எல்லா வயதினரையும் சேர்த்து ஏறத்தாழ 50 லட்சம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வரையறுத்துள்ளது. ஒவ்வொன்றிற்கும் உரிய கருவிகளும் கற்பிக்கும் முறைகளும் வேறு வேறு. எனவே இக்கட்டுரை பார்வையற்ற மாணவர்களின் கல்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது, எஞ்சியதை ஆசிரியரும் நிர்வாகமும் எவ்வாறு செய்யவேண்டும் என்பதை ஆராய்கிறது.

ஒரே ஒலிக்கு ஒரே வடிவம்

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதற் பள்ளி 1887-ஆம் ஆண்டில் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையாரால் தொடங்கப்பட்டது. பின்னர் அது டேராடூன் அருகிலுள்ள ராஜ்பூருக்கு இடம் மாறியது. தமிழகத்தில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் இத்தகைய பள்ளியை நிறுவினார். இப்பள்ளிகள் பெருகியபோது ஓர் இடர்ப்பாடு தோன்றியது. லூயி பிரெய்லி 1829-இல் வெளியிட்ட புள்ளி எழுத்து முறையை இந்திய மொழிகளுக்குப் பொருத்த முயன்றவர்கள் ஆளுக்கொரு முறையை வகுத்தனர். ஒரு பள்ளியில் பயின்றவர் மற்றொரு பள்ளியின் நூலைப் படிக்க இயலாத நிலை உருவாயிற்று.

விடுதலைக்குப் பின் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோ நிறுவனத்தின் கவனத்திற்குக் கொண்டுசென்றது. 1950-இல் பாரிசிலும் 1951-இல் பெய்ரூட்டிலும் நடைபெற்ற கூட்டங்களின் பயனாக இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெய்லி உருப்பெற்றது. கல்வி அமைச்சகத்தில் பணியாற்றிய பார்வையற்ற அதிகாரியான லால் அத்வானி இம்முயற்சியில் பெரும்பங்கு கொண்டார். 1951-ஆம் ஆண்டிலேயே டேராடூனில் மத்திய பிரெய்லி அச்சகமும் நிறுவப்பட்டது.

பிரெய்லி எழுத்து ஒன்றில் மூன்று வரிசைகளில், வரிசைக்கு இரண்டாக, ஆறு புள்ளிகளுக்கு இடமுண்டு. இவற்றை எழுப்பியும் விடுத்தும் 63 வடிவங்களைப் பெறலாம். பாரதி பிரெய்லியின் கொள்கை மிக எளியது. எம்மொழியாயினும் ஒரே ஒலிக்கு ஒரே வடிவம் என்பதே அது. 'மாமா' என்னும் சொல்லைத் தமிழ்ச் சிறுவரும் இந்திச் சிறுவரும் வங்கச் சிறுவரும் எழுதினால், அச்சில் மூன்று தோற்றங்கள் கிடைக்கும். புள்ளி எழுத்தில் ஒரே தோற்றம்தான் கிடைக்கும். ழகரம் போன்ற சிறப்பு ஒலிகளுக்கும் தனி வடிவங்கள் வகுக்கப்பட்டன. மேலும், 'கெ' என்று அச்சிடும்போது உயிர்க்குறி மெய்க்கு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. பிரெய்லியில் முதலில் ககரம், அடுத்து உயிர் என ஒலிக்கும் வரிசையிலேயே எழுதப்படும்.

எழுதுகருவிகள்

ஸ்லேட் எனப்படும் துளைப்பலகையும் முனை மழுங்கிய எழுத்தாணியுமே பார்வையற்ற மாணவரின் முதல் எழுதுகருவிகள். பலகையில் தாளைப் பொருத்தி எழுத்தாணியால் அழுத்தினால் புள்ளி தாளின் மறுபக்கத்தில் எழும். ஆகவே வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். விலை குறைந்தது, சட்டைப்பையில் அடங்குவது என்பன இதன் நன்மைகள். எழுதியதை உடனே தடவிப் பார்த்துத் திருத்திக்கொள்ள இயலாது என்பது இதன் குறை.

1951-இல் வெளிவந்த பெர்க்கின்ஸ் பிரெய்லர் இக்குறையைப் போக்கியது. புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசைகள் கொண்ட இப்பொறியில் வேண்டிய விசைகளை ஒருசேர அழுத்தினால் ஓர் எழுத்து முழுவதும் தாளின் மேற்பக்கத்தில் எழுகிறது. எழுதிய வரியை விரலால் அப்போதே சரிபார்க்கலாம். தொடக்க வகுப்பில் குழந்தை தன் பிழையைத் தானே காண்பது கற்றலுக்கு இன்றியமையாதது. எனவே வளமையத்திற்கு ஒரு பிரெய்லரேனும் இருப்பதும், குழந்தைகள் முறைவைத்து அதைப் பயன்படுத்துவதும் நன்று.

ஒலிநூல்களும் பேசும் கணிப்பொறியும் வந்தபின் பிரெய்லி எதற்கு என்ற வினா எழுப்பப்படுகிறது. இதற்கான விடை தமிழ் மொழியிலேயே உள்ளது. அரம், அறம் என்பவற்றையும் பனி, பணி என்பவற்றையும் பலருடைய பேச்சில் செவி வேறுபடுத்திக் காண்பதில்லை. கேட்டு மட்டுமே பயிலும் மாணவர் பொருளை அறிவார், எழுத்தை அறியமாட்டார். நிறுத்தற்குறியும் பத்தி அமைப்பும் அவருக்குப் புலப்படா. கணிதச் சமன்பாட்டைச் செவியில் தாங்கி நிற்பது இன்னும் கடினம். ஒலி விரைவைத் தரும். எழுத்தறிவைத் தருவது பிரெய்லியே. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகுமேயன்றி மாற்றாகா.

கணிதம் என்னும் வாயில்

பார்வையற்ற மாணவர் மிகுதியாக இழப்பது கணிதத்தையே. பல தேர்வு வாரியங்கள் கணிதத்திற்குப் பதிலாக இசை போன்ற வேறு பாடத்தை எடுத்துக்கொள்ள இவர்களுக்கு இசைவளித்து வந்துள்ளன. இரக்கத்தால் பிறந்த இச்சலுகை, பள்ளியில் கணிதம் கற்பிக்கும் பொறுப்பையே கைவிடுவதற்குக் காரணமாகிவிடக்கூடும். 14 வயதில் கணிதத்தை விட்ட மாணவருக்கு அறிவியல், பொருளியல், புள்ளியியல், கணிப்பொறி இயல் ஆகிய துறைகளின் வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடுகின்றன. சலுகை மாணவரின் விருப்பமாக இருக்கலாம். பள்ளியின் வசதிக்காக அது அமைதல் கூடாது.

கணிதம் கற்பிக்கக் கருவிகள் இல்லாமல் இல்லை. டெய்லர் பலகையில் எட்டு மூலைத் துளைகள் வரிசையாக உள்ளன. அவற்றில் செருகும் உலோக அச்சின் ஒரு முனையில் ஒரு மேடும் மறுமுனையில் இரு புள்ளிகளும் இருக்கும். ஒரு முனையை எட்டு நிலைகளில் வைக்கலாம். இரு முனைகளாலும் 16 குறிகள் கிடைக்கின்றன. எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, பார்வையுள்ள மாணவர் தாளில் செய்வதுபோன்றே கூட்டவும் பெருக்கவும் இப்பலகை இடந்தருகிறது. விரைவான கணக்கிற்கு மணிச்சட்டம் ஏற்றது. பார்வையற்றோருக்கான மணிச்சட்டத்தில் கை பட்டு மணிகள் நகராதவாறு அடியில் மெத்தென்ற விரிப்பு இருக்கும். உயர் கணிதத்திற்கு, தாமே பார்வையற்ற கணிதப் பேராசிரியரான ஆபிரகாம் நெமெத் உருவாக்கி 1952-இல் வெளியான நெமெத் குறியீட்டு முறை பயன்படுகிறது.

ஆயினும் கருவியைவிட ஆசிரியரின் நாவே இங்கு முதன்மை பெறுகிறது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியவாறே, "ஆறு கூட்டல் நான்கு வகுத்தல் இரண்டு" என்று சொல்வதாகக் கொள்வோம். ஆறையும் நான்கையும் கூட்டி இரண்டால் வகுப்பதா, நான்கை மட்டும் வகுத்து ஆறுடன் கூட்டுவதா? முதல் முறையில் விடை 5, இரண்டாவதில் 8. பலகையைக் காணும் மாணவருக்குப் பின்னக்கோட்டின் நீளமே ஐயத்தைத் தீர்த்துவிடும். காணாதவருக்குச் சொல்லால் தீர்க்கவேண்டும். "பின்னம் தொடங்குகிறது, மேலே ஆறு கூட்டல் நான்கு, கீழே இரண்டு, பின்னம் முடிகிறது" என்று ஆசிரியர் சொன்னால் போதும். நெமெத் முறையிலும் பின்னத்தின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் தனிக்குறிகள் உண்டு. இவ்வாறு சொல்லும் பழக்கத்திற்குச் செலவு ஏதுமில்லை. பார்வையுள்ள மாணவரும் இதனால் தெளிவடைவர்.

தொட்டறியும் படம்

வடிவியலுக்கு இரப்பர் விரிப்பும் நெகிழித் தாளும் பயன்படுகின்றன. விரிப்பின்மீது தாளை வைத்து எழுதுகோலால் அழுத்திக் கோடிட்டால் அக்கோடு வரைந்த பக்கத்திலேயே மேடாக எழும். பற்சக்கரத்தால் தாளின் பின்புறம் வரைந்தால் படம் இடவலமாக மாறிவிடும் என்பதை ஆசிரியர் நினைவிற்கொள்ள வேண்டும். இவை கிடைக்காத பள்ளியில் அட்டையும் நூலும் பசையும் கொண்டே முக்கோணத்தையும் வட்டத்தையும் ஆக்கிக் காட்டலாம்.

அச்சுப் படத்தை அப்படியே மேடாக்கினால் அது தொட்டறியும் படமாகிவிடாது. கண் ஒரே நோக்கில் முழுமையைக் கண்டு பின் பகுதிகளுக்குச் செல்கிறது. விரலோ பகுதி பகுதியாகத் தடவி முழுமையைக் கட்டியெழுப்புகிறது. நெருங்கிய கோடுகள் விரலுக்கு ஒன்றாகவே தோன்றும். பிரெய்லி எழுத்தைப் பொடி எழுத்தாகச் சுருக்கவும் முடியாது. ஆகவே இந்திய வரைபடத்தை ஒரே தாளில் திணிப்பதைவிட, முதல் தாளில் எல்லைக்கோட்டையும் கடலையும், இரண்டாம் தாளில் ஆறுகளையும், மூன்றாம் தாளில் மாநிலங்களையும் காட்டுதல் முறையாகும். பெயர்களுக்குப் பதில் ஓரிரு எழுத்துகளை இட்டு விளக்கத்தைத் தனித்தாளில் தரவேண்டும். தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான தொட்டறி பட நூல்கள் இத்துறையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும்.

ஆய்வுக்கூடத்தில் இடம்

அறிவியல் பாடத்தில் பார்வையற்ற மாணவரை ஓரமாக அமரவைத்து முடிவை மட்டும் சொல்லும் வழக்கம் நீங்கவேண்டும். பேசும் வெப்பமானி, புடைப்புக் குறியிட்ட அளவுகோல், ஒளியின் அளவிற்கேற்ப ஒலியை மாற்றும் ஒளியுணர் கருவி ஆகியவை சோதனையின் அளவீட்டை மாணவரின் கைக்குக் கொண்டுவருகின்றன. கருவியே வேண்டாத வழிகளும் உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இடம்பெற்ற மணங்காட்டிகள் பற்றிய செயல்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெங்காயச் சாற்றில் ஊறிய துணியின் மணம் அமிலத்தில் மாறுவதில்லை, காரத்தில் மறைந்துவிடுகிறது. வெனிலாவின் மணமும் அவ்வாறே. லிட்மஸ் தாளின் நிறத்தைக் காண இயலாத மாணவர், அமிலத்தையும் காரத்தையும் மூக்கால் பிரித்தறிந்து முடிவைத் தாமே எழுதலாம். எல்லாரும் படிக்கும் நூலிலேயே உள்ள இச்சோதனையைப் பயன்படுத்த ஆசிரியரின் முன்யோசனை ஒன்றே தேவை.

பேசும் கணிப்பொறி

கணிப்பொறித் திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கும் திரைப்படிப்பு மென்பொருள்கள் உயர்கல்வி பயில்வோருக்கு வாய்த்த பெருந்துணை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர்களான மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே ஆகியோரின் முயற்சியால் 2006 முதல் வளர்ந்த என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளையும் இதன் துணையுடன் கேட்கலாம். திரையிலுள்ள எழுத்தைச் சிறு ஊசிகளின் எழுச்சியாக மாற்றிக் காட்டும் பிரெய்லி பலகைகளும் உள்ளன. இவற்றின் விலை நெடுங்காலமாக மிக அதிகம். இக்குறையைப் போக்கும் நோக்குடன் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2019-இல் டாட்புக் என்னும் கருவியை வெளியிட்டது.

திரைப்படிப்பு மென்பொருள் எழுத்தைத்தான் படிக்கும். எழுத்தின் படத்தைப் படிக்காது. அலுவலகச் சுற்றறிக்கையைத் தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, அத்தாளைப் படமெடுத்துக் கோப்பாக அனுப்பினால் மென்பொருளுக்கு அது வெற்றுப்படமே. பழைய தட்டச்சு எழுத்துருக்களில் அமைந்த இந்திய மொழிக் கோப்புகளில் வேறொரு தொல்லை உண்டு. அவற்றில் திரையில் தோன்றுவது தமிழோ இந்தியோ ஆயினும் உள்ளே பதிவாவன ஆங்கில எழுத்துகளின் குறியெண்களே. மென்பொருள் அவற்றைப் பொருளற்ற ஒலிக்கோவையாகப் படிக்கும். யூனிகோடு முறையில் தட்டச்சு செய்தால் இத்தொல்லை இல்லை. ஒரு பல்கலைக்கழக அறிவிப்பைப் பார்வையற்ற மாணவர் தாமே படிப்பாரா, பிறரைத் தேடிப் போவாரா என்பது தட்டச்சு மேசையிலேயே முடிவாகிவிடுகிறது.

நூல் உரிய காலத்தில்

ஒரு நூலைப் பிரெய்லியாகவோ ஒலிநூலாகவோ மாற்றுவதற்கு முன்னர்ப் பதிப்புரிமை தடையாக இருந்தது. 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் இத்தடையை நீக்கியது. அடுத்த ஆண்டில் மராகேஷ் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியாவே. 2016 ஆகஸ்டு மாதத்தில் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணையவழி நூலகம் தொடங்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமும், வரையறுத்த அளவு குறைபாடுடைய மாணவர்களுக்கு 18 வயது வரை நூல்களும் துணைக்கருவிகளும் இலவசமாக வழங்கப்படவேண்டும் என்று விதிக்கிறது.

சட்டத் தடை நீங்கினும் உழைப்பு எஞ்சுகிறது. அச்சு நூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எழுத்தாக மாற்றி, பிழை திருத்தி, கணிதக் குறிகளையும் படங்களையும் மனிதர் ஒருவர் விவரித்த பின்னரே நூல் ஆயத்தமாகிறது. பாடநூல் அச்சுக்குச் செல்லும் நாளிலேயே அதன் மின்கோப்பு பிரெய்லி அச்சகங்களுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பப்பட்டால் இவ்வுழைப்பில் பெரும்பகுதி மிச்சமாகும். பள்ளி திறந்து நான்கு திங்கள் கழித்து வரும் நூலால் அரையாண்டுத் தேர்வுக்குள் மாணவர் இழந்ததை ஈடுசெய்ய முடியாது. தாமதமும் ஒருவகை மறுப்பே என்பதை அதிகாரிகள் உணரவேண்டும்.

ஆசிரியரின் பங்கு

பார்வையற்ற குழந்தையைப் பொதுப்பள்ளியில் சேர்த்துக் கற்பிக்க மத்திய அரசு 1974-இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 1995-ஆம் ஆண்டுச் சட்டம், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2018-இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டம் ஆகியன இவ்வழியை அகலப்படுத்தின. இம்முறையின் வெற்றி சிறப்பாசிரியரைச் சார்ந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து, தொடக்கநிலையில் 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்ற சிறப்பாசிரியர் விகிதம் 2022-இல் அறிவிக்கப்பட்டது.

விகிதம் மட்டும் முழு நிலையைக் காட்டாது. 15 மாணவர்கள் ஆறு ஊர்ப் பள்ளிகளில் சிதறியிருப்பதாகக் கொண்டால், வாரத்தில் ஐந்து நாள் சுற்றும் ஆசிரியர் ஒரு பள்ளிக்கு வாரம் ஒருநாள்கூடச் செல்ல இயலாது. ஆகவே அவர் பிரெய்லி, மணிச்சட்டம், வெண்கோலுடன் நடத்தல் ஆகிய தனித்திறன்களைக் கற்பிப்பதும், பாடத்தை நாள்தோறும் வகுப்பாசிரியரே கற்பிப்பதும் என்ற வேலைப்பிரிவு தேவை. எழுதுவதை உரக்கச் சொல்லுதல், 'இது', 'அங்கே' என்னாமல் பொருளின் பெயரைக் கூறுதல், வினாவுக்கு உரியவரைப் பெயர் சொல்லி அழைத்தல், மறுநாள் பாடத்தின் படத்தை முன்னாளே ஆயத்தம் செய்யச் சொல்லுதல் ஆகியன வகுப்பாசிரியரின் கடமைகள்.

பார்வையற்றோர் எனப் பதிவானவருள் பலருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருப்பதுண்டு. இக்குறைப்பார்வை மாணவர்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, சாய்வு மேசை, பெரிய எழுத்து நூல், கண்கூசாத இருக்கை இடம் ஆகியவை போதுமானவையாகலாம். இவர்களை முழுப்பார்வையற்றோராகக் கருதுவதும் பிழை. பார்வையுள்ளோராகக் கருதி விட்டுவிடுவதும் பிழை. மருத்துவரின் சான்றிதழ் பார்வையின் அளவைக் கூறும். அப்பார்வையைக் கொண்டு குழந்தை எதைப் படிக்கிறது, எவ்வளவு நேரம் படிக்கிறது என்பதை ஆசிரியர்தான் வகுப்பறையில் கண்டறியவேண்டும்.

தேர்வு

ஆண்டு முழுவதும் பிரெய்லியிலும் கணிப்பொறியிலும் எழுதிப் பயின்ற மாணவர், தேர்வு நாளன்று முன்பின் அறியாத ஓர் எழுத்தரிடம் விடையைச் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். எழுத்தருக்குக் கணிதக் குறிகள் தெரியாவிடின் சரியான விடையும் தவறாகப் பதிவாகும். 2013-இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், தேர்வர் தம் எழுத்தரைத் தாமே தெரிந்துகொள்ளவும், மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத ஈட்டு நேரம் பெறவும் வழிசெய்தன. 2018-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பொதுத்தேர்வில் கணிப்பொறியைப் பயன்படுத்த இசைந்தது. எழுத்தர் உதவி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல், தக்க வசதி செய்து தருதல் சலுகையன்று, சமத்துவத்தின் உறுப்பே என்னும் கருத்தை நிலைநாட்டியது. எவ்வகையில் கற்றாரோ அவ்வகையிலேயே தேர்வெழுத மாணவருக்கு வாய்ப்பளிப்பதே இவற்றின் உட்பொருளாகும். இதற்குத் தேர்வுக்கூடத்தில் கணிப்பொறி வைத்தால் மட்டும் போதாது. வகுப்பறையில் அது முன்னரே பழகியிருக்கவேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். எழுத்து, நூல், ஆசிரியர், தேர்வு என்பன ஒரே சங்கிலியின் கண்ணிகள். விலையுயர்ந்த கருவியைப் பள்ளிக்கு வழங்கிவிட்டு நூலின் மின்கோப்பை வழங்காவிடின் கருவி பெட்டியிலேயே உறங்கும். நூல் வந்தும் பிரெய்லி கற்பிக்க ஆளில்லாவிடின் நூல் அலமாரியில் தங்கும். மூன்றும் இருந்தும் தேர்வு முறை மாறாவிடின் ஆண்டின் உழைப்பு மூன்று மணி நேரத்தில் வீணாகும்.

பெருஞ்செலவு வேண்டும் பணிகளுக்குத் திட்டமும் நிதியும் காலமும் தேவை. ஆனால் யூனிகோடில் தட்டச்சு செய்தல், பாடநூலின் மின்கோப்பை உரிய நாளில் அனுப்புதல், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுதல், கணிதத்தை விடுமாறு மாணவரை வற்புறுத்தாதிருத்தல் ஆகியவற்றுக்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. அலுவலகத்திலும் பள்ளியிலும் இவற்றை அடுத்த வேலைநாளிலேயே தொடங்கலாம். இவை வழக்கமாகிவிட்ட பள்ளியில்தான் பின்னர் வரும் கருவிகளும் முழுப்பயன் தரும்.